நாற்பத்தாறில் பதினொன்று

நான் ஓய்வு பெற்று எட்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் பழைய அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் பதினேழு. பன்னிரண்டு, ஏதோ ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு. மூன்று, பெருநாள் வாழ்த்து. ஒன்று, யாருடைய கையோ தவறுதலாகப் பட்டு வந்தது. அதிலும் நான் நாலு நிமிடம் "ஹலோ, யாருங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதினேழாவது போன மாதம் வந்தது. பேசியவர் நிவேதா. நான் விட்டுவந்த இடத்தில் இப்போது அவர்தான் வேலை பார்க்கிறார்.

"சார், நீங்க எழுதுன ப்ரோக்ராம்ல இருநூத்திப் பதினாலாவது வரிய மாத்தலாம்னு இருக்கோம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. அந்த ப்ரோக்ராம், வானத்திலிருந்து வந்த காமாக் கதிர்த் துகள்களை எண்ணுவது. எண்ணும்போது ஒரே துகளை இரண்டாம் முறை எண்ண நேர்ந்தால் உடனே நின்றுவிடும். நின்று, திரையில் ஒரு வரியைக் காட்டும். எழுத்து ஆங்கிலம், பேச்சு தமிழ்: "இவங்க ஏற்கனவே வந்துட்டாங்க."

"இப்ப வெளிநாட்டுல நாலஞ்சு குழு நம்ம ப்ரோக்ராமைப் பயன்படுத்துறாங்க சார். அவங்களுக்கு ஒண்ணும் புரியல. ஒரு இத்தாலிக்காரர், இது வைரஸான்னு கேட்டு மெயில் போட்டிருக்கார்."

"நாலா, அஞ்சா?"

"என்ன சார்?"

"குழு."

சற்று யோசித்து, "அஞ்சு சார்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து என் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த என் மனைவி சபுரா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள மரியாதைக்கு ஒரு வார்த்தை கேக்குது. அதையும் எண்ண வச்சிட்டீங்களா?"

வாயால் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும், எழுதியே தருகிறேன் என்றேன். அப்படியானால் அலுவலகச் செய்திமலரில் போட்டுவிடலாம் என்றார் நிவேதா. இதுதான் அது. நான்கு முறை திருத்தியிருக்கிறேன். பிழை இருந்தால் ஐந்தாவது முறை திருத்த அச்சகம் விடவில்லை என்று பொருள்.

செய்திமலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் இயற்பியல்காரர்கள் அல்ல. அவர்களுக்காக நாங்கள் தேடியது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

விண்மீன்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தது கேலக்ஸி. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல், ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டு இருப்பது கேலக்ஸிக் கொத்து. கொத்துக்குள் அவை ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், நம் கருவிகளுக்குத் தெரிகிற எடை அவற்றைப் பிடித்து வைக்கப் போதாது. கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. ஆகவே ஒளி தராத ஏதோ ஒன்று, தெரிவதைப் போலப் பல மடங்கு, அங்கே இருக்கிறது. அதற்குக் கரும்பொருள் என்று பெயர் வைத்தாயிற்று. அது என்ன என்று இதை எழுதும் இன்று வரை யாருக்கும் தெரியாது.

ஒரு கணிப்பு இருக்கிறது. கரும்பொருளின் துகள்கள் இரண்டு எப்போதாவது மோதி அழிந்தால் அங்கே காமாக் கதிர் பிறக்கலாம். அந்தக் கதிரின் துகள்கள், அதாவது ஃபோட்டான்கள், எல்லாம் ஒரே ஆற்றலோடு வரலாம். மற்ற வழிகளில் பிறக்கும் காமாக் கதிரோ எல்லா ஆற்றலிலும் பரவலாக வரும். பலவித உயரம் உள்ள கூட்டத்தில் ஒரே உயரத்தில் ஒரு கும்பல் நின்றால் தனியாகத் தெரியும் அல்லவா? அந்தக் கும்பலைத் தேடுவதுதான் எங்கள் பிரிவின் வேலை.

தேடுவதற்குத் தொலைநோக்கி எங்களிடம் இல்லை. அது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃபோட்டானும் அதன் உலோகத் தகடுகளில் மோதி விடும் தடத்தைக் கொண்டு, எந்தத் திசையிலிருந்து, என்ன ஆற்றலோடு, எந்த விநாடியில் வந்தது என்று பதிவாகும். அந்தப் பதிவுகள் எல்லோருக்கும் பொது. இணையத் தொடர்பு இருந்தால் காரைக்காலில் உட்கார்ந்தும் எடுத்துக்கொள்ளலாம். உயர் ஆற்றலில் வருகிறவை மிகக் குறைவு. ஒரு கொத்தின் திசையிலிருந்து வருடத்துக்கு இரண்டோ மூன்றோ. அவற்றை எண்ணுவது என் வேலை. துபாயில் இருந்த என் தம்பி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேட்பான் (அண்ணனை நானா என்பது எங்கள் வழக்கம்): "நானா, தெரியாத சாமானை எண்ணுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" ஆறு விடுமுறை கேட்டான். ஏழாவதில் விட்டுவிட்டான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறந்தது திருமலைராயன்பட்டினம். காரைக்காலில் பட்டம், திருச்சியில் மேல்பட்டம், பிறகு ஒரு மலைமேல் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடம் மூன்று மாதம். விண்ணிலிருந்து விழும் துகள்களைத் தகரக் கொட்டகைக்குள் இருந்த கருவிகளில் எண்ணினேன். குளிரில் முழங்கால் போயிற்று. காரைக்காலில் தலத்தெரு ஓரமாக ஒரு தரவுப் பிரிவு திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பம் எழுதினேன்.

ஆறு அறை, நான்கு பேர், இரண்டு யூபிஎஸ். கடல் காற்றில் எல்லாம் துருப் பிடிக்கும். ஜன்னல் கம்பி, மின்விசிறி, கணினியின் திருகாணி, எதுவும் தப்பாது. மாலையில் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேருந்துக்குப் போவேன். இரண்டு முறை பாதி வழியில் திரும்பி வந்தும் பார்த்திருக்கிறேன். பூட்டித்தான் இருந்தது.

பிரிவின் தலைவர் டாக்டர் வேதவல்லி. கும்பகோணத்துக்காரர். எங்களுக்கு மேடம். மெலிந்த உருவம், தாழ்ந்த குரல். கணினி வந்த பிறகும் பென்சிலை விடாதவர். பென்சிலைப் பிளேடால்தான் சீவுவார். ஷார்ப்னரில் போட்டால் முனை அவசரப்படும் என்பார். நான் சேர்ந்த இரண்டாம் நாள் ஒரு கொத்தின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து எவ்வளவு என்று கேட்டார்.

"ஒன்பது வந்திருக்கு மேடம்."

"ஒன்பது பேர் வந்திருக்காங்க" என்று திருத்தினார். "முப்பது கோடி வருஷம் பயணம் பண்ணி வந்திருக்காங்க தாவூது. நாம சேர் போட வேணாம். பேச்சுலயாவது மரியாதை இருக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் அங்கே இருந்த காலம் முழுவதும் ஃபோட்டான் என்றால் அவருக்கு "அவங்க"தான். மூன்று மாதத்தில் எங்கள் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

மேடம் கொண்டுவந்த இன்னொரு வழக்கம் வருகைப் பதிவு. ஒரு முடிவு கட்டுரையாக வெளியே போகும் முன், அதில் எண்ணப்பட்ட ஒவ்வொரு ஃபோட்டானையும் பெயர் கூப்பிடுவதுபோலக் கூப்பிட வேண்டும். ப்ரோக்ராம் எண்ணிய பட்டியலைத் தாளில் அச்சடித்து ஒருவர் படிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் தொலைநோக்கியின் மூலப் பதிவு இருக்கும். படிக்கப்படுகிற நேரமும் ஆற்றலும் திசையும் மூலத்தில் அப்படியே இருந்தால் பென்சிலால் ஒரு டிக். தொலைநோக்கி பூமியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவர் என்றால் சுழி. நம் காற்று மண்டலமே காமாக் கதிரைக் கிளப்பும், அதைக் கொத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதற்கென்று ஒரு காலைப் பொழுது போகும்.

எங்களில் இளையவர் முரளி. தஞ்சாவூர்க்காரர், கெட்டிக்காரர், பொறுமை கிடையாது. "கூப்பிட்டா 'உள்ளேன் அம்மா'ன்னு எந்திரிச்சு நிப்பாங்களா மேடம்?" என்று முதல் பதிவிலேயே கேட்டார்.

"நிக்காதவங்களைக் கண்டுபிடிக்கத்தான் முரளி கூப்பிடறது" என்றார் மேடம்.

கொத்துகளுக்கு ஊர்ப் பெயர் வைத்தது நான். அட்டவணையில் அவற்றுக்கு நீளமான எண்கள்தான் இருந்தன. ஒருமுறை இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி அடித்து, வேறு ஒரு கொத்தை மூன்று வாரம் எண்ணிக்கொண்டிருந்தேன். மேடம் திட்டவில்லை. "மறக்காத பேரா வச்சுக்குங்க" என்றார். நாங்கள் பார்த்த கொத்துகள் பதினெட்டு. வானத்தில் எது எதற்கு அருகே இருந்ததோ, தரையிலும் அருகருகே இருக்கும் ஊர்களாகப் பார்த்து வைத்தேன். நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருநள்ளாறு, நிரவி, தலத்தெரு. வானத்தில் ஒன்றையொட்டி ஒன்றாகத் தெரிந்த இரண்டுக்குத் திருமலைராயன்பட்டினம், பட்டினச்சேரி. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், பட்டினம் எங்கே முடிகிறது, பட்டினச்சேரி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. பெயர் வைத்தவனுக்கு அது தெரிந்திருந்தது. ப்ரோக்ராம் எழுதியவனும் நானே. அவனுக்குத் தோன்றவில்லை.

காமாக் கதிர் மங்கலாகத்தான் திசை காட்டும். ஆகவே ஒவ்வொரு கொத்தையும் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, வட்டத்துக்குள் விழுந்தவர்களை எண்ணுவோம். முதலில் வட்டங்கள் சிறியவை. பிறகு மேடம் யோசித்து, கரும்பொருள் ஒளியைவிட அகலமாகப் பரவியிருக்க வேண்டும், வட்டத்தைப் பெரிதாக்குங்கள் என்றார். நியாயமான யோசனை. ப்ரோக்ராமில் ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இலக்கம் மாறிய மூன்று வாரத்துக்குப் பிறகு, நான் இரண்டாம் முறை சரிபார்க்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

புதிய வட்டங்களோடு பதினெட்டுக் கொத்துகளையும் சேர்த்து எண்ணினோம். நாற்பது வெவ்வேறு ஆற்றல்களில் பார்த்தோம். முப்பத்தொன்பதில் ஒன்றும் இல்லை. ஓர் ஆற்றலில், பரவலான கதிர் மட்டும் இருந்தால் இருபத்து நான்கு பேர் வர வேண்டிய இடத்தில், நாற்பத்தாறு பேர் நின்றார்கள். இது தற்செயலாக நேர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே.

மேடம் அந்த எண்ணிக்கையின் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "கூடுதலா இருக்கு" என்றார். கண்டுபிடிப்பு என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை, அன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலை அவர் மேசை நாட்காட்டியின் ஓரத்தில் 46 என்று பென்சிலால் எழுதி வட்டமிட்டிருந்ததைப் பார்த்தேன். அவர் கரும்பொருளைத் தேடத் தொடங்கி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது.

கட்டுரை பத்து நாளில் தயார். வேறு ஒரு நாட்டில் இன்னொரு குழு இதே பதிவுகளை அலசுகிறது என்று தகவல் வந்தது. முந்திக்கொள்ள வேண்டும். மாங்கனித் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, அனுப்புவதாக முடிவு. அதற்கு அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். வீட்டில் நான் மூன்றே வாக்கியம்தான் சொல்லியிருந்தேன். சபுரா அதைத் தெரு முழுவதும் சொல்லிவிட்டாள். "அவங்க ஏதோ கருப்புப் பொருளைக் கண்டுபிடிச்சிட்டாங்களாம்." பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை வழியில் நிறுத்தி, கஸ்டம்ஸில் பிடிபட்டதா என்று விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகைப் பதிவு. அதுவரை ஒரு கொத்துக்குத்தான் பதிவு எடுத்திருந்தோம். பதினெட்டையும் சேர்த்து எடுப்பது அதுவே முதல் முறை. "ஊர் ஊரா படிங்க" என்றார் மேடம். ஊருக்கு ஒரு தாளாக என்னிடம் பதினெட்டுத் தாள். மூலப் பதிவிலிருந்து அந்தந்த வட்டத்துக்கு எடுத்த பதினெட்டுத் தாள் அவரிடம். முரளி ஓரமாக உட்கார்ந்து, கட்டுரையோடு அனுப்ப வேண்டிய கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தார்.

வந்து சேர்ந்த நேரம் நீளமான எண்ணாக இருக்கும். விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்த துல்லியம். கடைசி ஆறு இலக்கத்தைப் படித்தால் போதும், இரண்டு ஃபோட்டானுக்கு அது ஒத்துப்போவது அநேகமாக நடக்காது. முதல் தாள் திருமலைராயன்பட்டினம், பதினான்கு பேர். மூன்றாவது ஆளுக்கு நான்கு, ஒன்று, ஏழு, சுழியம், ஒன்பது, இரண்டு. படிக்கும்போதே மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். நானூற்றுப் பதினேழு, எங்கள் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு என் அடிகள்.

நிரவி, தலத்தெரு, மேலும் இரண்டு ஊர். மேடம் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஆறாவது தாள் பட்டினச்சேரி, பதின்மூன்று பேர். முதல் ஆளைப் படித்தேன். இரண்டாம் ஆளுக்கு நான்கு, ஒன்று, ஏழு என்று தொடங்கி நிறுத்தினேன். அடுத்த மூன்று இலக்கமும் கண்ணுக்குத் தெரிந்தன. சுழியம், ஒன்பது, இரண்டு.

அந்த அறையின் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிடும். பதினான்கு சுற்று எண்ணினேன்.

என்ன நடந்தது என்று முதல் சுற்றிலேயே விளங்கிவிட்டது. வட்டத்தைப் பெரிதாக்கியபோது பட்டினமும் பட்டினச்சேரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. இரண்டுக்கும் பொதுவான இடத்தில் விழுந்தவர்களை என் ப்ரோக்ராம் இரண்டு ஊரிலும் சேர்த்திருக்கிறது. மேடத்தின் தாள்களும் ஊர் ஊராகப் பிரித்தவையே. அவர் பென்சில் பட்டினச்சேரித் தாளில் அந்த எண்ணைக் கண்டு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அவர் தேடுவது, நான் படிப்பவர் மூலத்தில் இருக்கிறாரா என்று. இருக்கிறார். முன்பே வந்தாரா என்பது வேறு கேள்வி, அதைக் கேட்க எங்கள் பதிவில் இடமே இல்லை. அந்த அறையில் அது எனக்கு மட்டும் தெரியும். நான் அடுத்த மூன்று இலக்கத்தைச் சாதாரணமாகப் படித்தால் போதும், கட்டுரை நாளைக்குப் போய்விடும்.

மீதிச் சுற்றுகளில் நினைத்தவற்றையும் எழுதிவிடுகிறேன். அடுத்த வார நேர்காணல். தெருவில் சபுரா. நாட்காட்டி ஓரத்தில் அந்த 46. இது ஒருவர் மட்டுமாக இருக்கலாம், நாற்பத்தாறு நாற்பத்தைந்தானால் என்ன என்றுகூட ஒரு சுற்றில் நினைத்தேன். அடுத்த சுற்றில் கீழே பார்த்தேன். நான்காவது ஆளையும் எனக்குத் தெரிந்தது.

"என்ன தாவூது, கண்ணாடி மாத்தணுமா?" என்றார் மேடம்.

"மேடம், இவங்க ஏற்கனவே வந்துட்டாங்க."

"யாரு?"

"பட்டினத்துல மூணாவது ஆளா வந்தவங்க. இப்ப பட்டினச்சேரியிலயும் நிக்கிறாங்க."

முரளியின் விசைப்பலகைச் சத்தம் நின்றது. மேடம் முதல் தாளை எடுத்து ஆறாவது தாளின் பக்கத்தில் வைத்தார். பென்சில் முனையை ஒரு எண்ணில் வைத்து, மற்றதில் வைத்து, திரும்ப முதலில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காது ஓரம் மட்டும் சிவந்தது.

"மீதிப் பேரையும் படிங்க" என்றார்.

படித்தேன். பட்டினச்சேரியின் பதின்மூன்று பேரில் பதினொருவர் ஏற்கெனவே வந்தவர்கள். மற்ற பன்னிரண்டு ஊரையும் அவர் விடவில்லை. எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி, எல்லோரையும் கூப்பிட்டு முடிக்க மணி ஒன்றேகால் ஆனது. வேறு இரட்டை இல்லை. நாற்பத்தாறில் பதினொன்று போக முப்பத்தைந்து. வர வேண்டிய இருபத்து நான்கும், இரட்டிப்பை நீக்கியதும் இருபதுக்கு இறங்கியது.

"முப்பத்தஞ்சும் கூடுதல்தானே மேடம்" என்றார் முரளி. "எண்ணைத் திருத்திட்டு நாளைக்கே அனுப்பலாம். இருபது வர்ற இடத்துல முப்பத்தஞ்சு. சில நூறுல ஒரு தடவைதான் இப்படி நடக்கும்."

"எத்தனை ஆற்றல்ல தேடினோம்?"

"நாப்பது."

"நாப்பது வீட்டுக் கதவைத் தட்டினா ஒரு வீட்டுல கொஞ்சம் கூட்டமா இருக்கறது அதிசயமா முரளி?"

"அவங்க முந்திக்குவாங்க மேடம்."

"முந்தட்டும். நேத்து நாப்பத்தாறை நம்பின அதே மனசுதான் இன்னிக்கி முப்பத்தஞ்சை நம்புங்கறது. அதை எப்படி நம்பறது?"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ப்ரோக்ராம் எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"வட்டத்தைப் பெரிசாக்கச் சொன்னது?"

நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"சொல்லுங்க தாவூது, பதிவு எடுக்கறோம்ல."

"நீங்க மேடம்."

"அப்ப ரெண்டு பேரும் போய் டீ குடிக்கலாம் வாங்க. முரளி, நீங்களும் வாங்க. நீங்க ஒண்ணும் பண்ணல, இருந்தாலும் வாங்க."

தலத்தெரு முக்கில் நின்று மூன்று பேரும் டீ குடித்தோம். மேடம் கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பதினாலு சுற்று நான் பேசாமல் இருந்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். "நான் இருபதாவது சுத்துலதான் கேட்டிருப்பேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி இன்று வரை நாங்கள் பேசியதில்லை.

அன்று பிற்பகலே ப்ரோக்ராமில் ஒன்பது வரி சேர்த்தேன். ஒவ்வொரு ஃபோட்டானையும் எண்ணும் முன், இவர் வேறு ஊரில் எண்ணப்பட்டாரா என்று பார்க்கும், எண்ணப்பட்டிருந்தால் நின்றுவிடும். நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்ற இடம் வந்தபோது காலையில் என் வாயிலிருந்து வந்ததையே விரல் அடித்தது. அதுதான் இருநூற்றுப் பதினான்காவது வரி.

கட்டுரை போகவில்லை. மேடம் அந்த மூன்று மாதத்தையும் புதிய பதிவுகள் வரக் காத்திருந்தே கழித்து, ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போனார். நேர்காணலில் என் முக்கியப் பங்களிப்பு என்ன என்று கேட்டார்கள். நாற்பத்தாறைப் பதினொன்று குறைத்தேன் என்றேன். அவர்கள் ஐந்து பேர், மூவர் சிரித்தார்கள். பதவி உயர்வு இரண்டு வருடம் ஏழு மாதம் தாமதமாக வந்தது. அந்த ஏழு மாதத்தைப் பற்றி எனக்கு இன்னும் குறை உண்டு.

ஒரு வருடம் கழித்துப் புதிய ஃபோட்டான்களையும் சேர்த்து எண்ணினோம். அந்த ஆற்றலில் கூட்டம் கலைந்துபோயிருந்தது. எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு பேர், அவ்வளவுதான். மேடத்தின் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை அனுப்பினோம். அதில் ஒரே ஒரு முக்கியமான படம். கரும்பொருள் இந்த வகையில் அழிவதானால் இந்த அளவுக்கு மேல் அழியவில்லை என்று சொல்லும் கோடு. முந்திக்கொள்வார்கள் என்று முரளி பயந்த அந்தக் குழு, பிறகு தங்கள் படத்தில் எங்கள் கோட்டையும் வரைந்து அதோடு ஒப்பிட்டது. அந்தப் பக்கத்தை எனக்கு அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர் முரளிதான். எங்கள் பிரிவு கரும்பொருளைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லவும் இல்லை. முப்பது வருட வேலையில் நான் நிமிர்ந்து நடக்கக் காரணம் கேட்டால் அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

நிவேதாவுக்கு என் பதில் இது. வரியின் கீழே ஆங்கிலத்தில் விளக்கம் சேருங்கள், ஆட்சேபம் இல்லை. மேலே இருப்பது அப்படியே இருக்கட்டும். அது நான் ஒருவன் எழுதியதும் அல்ல. ஃபோட்டானை "இவங்க" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவரிடம் கேட்காமல் எடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே போன வாரம் மேடத்துக்குப் போன் செய்தேன். கேட்பதற்கு முன், அந்த வரி இதுவரை எத்தனை முறை திரையில் வந்திருக்கிறது என்று நிவேதாவிடம் விசாரித்து வைத்துக்கொண்டேன். அவர் ஐந்து குழுவுக்கும் எழுதிக் கேட்டுச் சொன்னார். வைரஸா என்று கேட்ட இத்தாலிக்காரரும் பதில் எழுதியிருந்தாராம். அவருடைய இரண்டு வட்டங்கள் உண்மையிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

மேடத்துக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை தடவை நின்னிருக்கு?" என்றார்.

"ஒன்பது தடவை மேடம். சரிபார்த்துட்டேன்."

"ஒன்பதா?" அவர் சிரிப்பது கேட்டது. "அப்ப ஒன்பது தடவை எங்கேயோ யாரோ டீ குடிக்கப் போயிருக்காங்க. எடுக்காதீங்க தாவூது, இருக்கட்டும்."